மயக்கமருந்தால் மாண்டோரை நினைதல்

(நமது சங்கத்தின் ஆகஸ்டு மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திங்கள்தோறும் இவ்வவையில் கல்வியைப் பற்றியும், தொழில் வளர்ச்சியைப் பற்றியும், திருமணச் செலவைக் குறைத்தல் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்து வருகின்றோம். இன்று அடியேன் எடுத்துக்கொண்ட பொருள் செவிக்கு இனியதன்று. மயக்கமருந்தை அளவுக்கு மிஞ்சி உட்கொண்டு மாண்டவர்களை ஊரறிய நினைத்தல் என்பதே அது. இதனைக் கேட்ட அளவில், "நம் குடும்பங்களுக்கும் இப்பேச்சிற்கும் இயைபு யாது?" என்று சிலர் புருவம் நெரிக்கக்கூடும். அங்ஙனம் நெரிப்பது இயல்பே. ஆயினும் அந்நெரிப்பு எத்தனை உயிரைக் குடிக்கின்றது என்பதை எடுத்துரைத்தலே என் நோக்கம். சற்றே பொறுமையுடன் செவி சாய்க்குமாறு வேண்டுகின்றேன்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாளை உலகின் பல நாட்டினர் ஒரு நினைவு நாளாகப் போற்றி வருகின்றனர். அரசரோ தலைவரோ பிறந்த நாள் அன்று அது; போரில் வென்ற நாளும் அன்று. மயக்கமருந்தின் மிகையால் உயிர் துறந்த எளிய மாந்தர்க்கென அமைந்த நாள் அது. அந்நாள் தோன்றிய வரலாற்றை முதலிற் கூறுகின்றேன்.

ஆஸ்திரேலியா தேசத்தில் மெல்போர்ன் என்னும் மாநகரின் கடற்கரைப் பகுதிக்குச் செயின்ட் கில்டா என்று பெயர். 1990-களின் பிற்பகுதியில் அந்நாட்டில் ஹெராயின் என்னும் கொடிய மருந்து மலிந்து பெருகிற்று. 1999-ஆம் ஆண்டில் அவ்வினத்து மருந்துகளால் மாண்டோர் தொகை ஆயிரத்தைக் கடந்தது. செயின்ட் கில்டாவில் இரட்சணிய சேனையார் நடத்திவந்த உதவி நிலையத்தில் சாலி ஃபின் என்னும் பெண்மணியார் பணியாற்றி வந்தார். மயக்கமருந்துப் பழக்கத்தில் வீழ்ந்தவரையும், அவர்தம் நண்பரையும், உற்றாரையும் அவர் நாடோறும் காண்பவர். இறந்தவரைப் பற்றிப் பேசவும் அஞ்சி, வாய்விட்டு அழவும் நாணி, துயரத்தை விழுங்கிக்கொண்டு நிற்கும் மக்களைக் கண்டு அவர் உள்ளம் உருகிற்று. அழுதற்குரிய ஓரிடமும் ஒரு நாளும் அவர்கட்கு வேண்டும் என்று துணிந்து, 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாளில் ஒரு நினைவு நிகழ்ச்சி நடத்தினார். விரும்பி வந்தார்க்கெல்லாம் சிறு நாடா ஒன்று அணியக் கொடுக்கப்பட்டது. "யானும் ஒருவரை இழந்தேன்" என்று வாயாற் கூறமாட்டாதார் அந்நாடாவினாற் கூறினர். ஒரு தெருவளவில் தொடங்கிய அந்நாள் பல கண்டங்களுக்கும் பரவிற்று. 2012 முதல் மெல்போர்னில் உள்ள பெனிங்டன் நிலையத்தார் அதனைப் பேணி வருகின்றனர். இந்நாளில் ஊதா நிறம் அதன் அடையாளமாக விளங்குகின்றது.

இதற்கு முன்னரே ஜெர்மனி தேசத்திலும் இத்தகைய நாள் ஒன்று தோன்றியதுண்டு. கிளாட்பெக் என்னும் ஊரில் 1994-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் ஓர் இளைஞன் இவ்வாறு மாண்டான். அவன் தாய் பிறர்போல் ஒடுங்கிக் கிடந்தாளல்லள். ஊரார் அறிய ஒரு நினைவிடம் வேண்டும் என்று கேட்டு அதனைப் பெற்றாள். 1998 முதல் ஜூலை 21 அந்நாட்டில் மயக்கமருந்தால் மாண்டோர் அனைவர்க்கும் உரிய நினைவு நாளாயிற்று. இரண்டிடத்தும் தொடங்கினோர் பெண்டிரே; இரண்டிடத்தும் அவர் வேண்டியது ஒன்றே. இறந்தவன் பெயரைச் சொல்லி அழ இடம் வேண்டும் என்பதே அவ்வேண்டுகோள்.

"அழுவதற்கும் இடம் கேட்க வேண்டுமோ?" என வினவலாம். நம் ஊர் வழக்கத்தையே எண்ணிப் பார்ப்போம். சாவு வீட்டில் ஊர் கூடுகின்றது. பந்தலில் அமர்ந்தவர் முதற்கண் கேட்பது, "என்ன செய்தது?" என்பதுதான். முதியவராயின், "கலியாணச் சாவு" என்று ஆறுதல் கூறுவர். நோயாயின் நோயின் பெயரைக் கூறுவர். விபத்தாயின் வண்டியோட்டியைக் கடிவர். மயக்கமருந்தால் மாண்டவன் வீட்டிலோ தந்தை ஒரு விடையை முன்னரே அமைத்துக்கொண்டு, வந்தவர்க்கெல்லாம் அதனையே ஒப்பிக்கின்றார். ஒப்பாரி வைக்கும் தாய், மகன் அருமையைச் சொல்லி அழும்போதே, வாய்தவறி ஒரு சொல் வந்துவிடுமோ என்று அஞ்சி அழுகின்றாள். இத்தகைய கொடுமை வேறு எச்சாவு வீட்டிலும் இல்லை. பதினாறாம் நாள் கழிந்தபின் அவன் பெயரை எடுப்பவர் இல்லை. படமும் சிலபோது சுவரேறுவதில்லை. ஒருவனுக்கு ஒரு சாவு போதாதென்று இரண்டாவது சாவையும் நாம் தருகின்றோம்.

தமிழர் இறந்தாரைப் பெயர் பொறித்துப் போற்றிய மரபினர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற நடுகற்கள் தமிழி எழுத்தில் அமைந்தவை. அவற்றுள் ஒன்று ஆகோள் பூசலில் மாண்ட ஒருவனைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. இருபது நூற்றாண்டுக்கு முன்னர் மாடு மீட்கப் போனவனுக்கும் கல் நட்டுப் பெயரெழுதிய மக்கள், தம் வீட்டுப் பிள்ளையின் பெயரை நாவால் எடுக்கவும் அஞ்சுதல் தகுமோ? வீரச் சாவிற்கே கல் என்பது அக்கால வழக்கம் என்பதை யான் மறுக்கவில்லை. கல் நடவேண்டா, பெயரை மறைக்காதிருந்தாற் போதும்.

இனி, இச்சாவு நிகழும் வகையை அறிதல் வேண்டும். அறியாமையே பாதிக் கொலையைச் செய்கின்றது. அபினிலிருந்து எடுக்கப்படுவனவும், அதனை ஒப்பச் செயற்கையாகச் செய்யப்படுவனவும் ஆகிய மருந்துகள் ஓரினத்தைச் சேர்ந்தவை. மார்பின், ஹெராயின், ஃபென்டனில் என்பன அவ்வினத்தவை. வலி போக்கும் மாத்திரைகள் சிலவும் அவற்றுள் அடங்கும். இவை வலியைத் தணிப்பதோடு, மூச்சினை நடத்தும் மூளைப்பகுதியையும் ஒடுக்குகின்றன. அளவு மிஞ்சுமாயின் மூச்சு மெல்ல மெல்லக் குறைகின்றது. இதழும் நகமும் நீலம் பாரிக்கின்றன. கண்மணி ஊசிமுனைபோற் சுருங்குகின்றது. தொண்டையிற் குறட்டை போலவோ நீர் கொப்பளிப்பது போலவோ ஓர் ஒலி எழுகின்றது. தட்டினும் அழைப்பினும் விழிப்பு இல்லை. வீட்டார் இதனைக் கண்டு, "அயர்ந்து உறங்குகின்றான், எழுப்பவேண்டா" என்று போர்வையை இழுத்து மூடிவிட்டுச் செல்கின்றனர். விடியலில் உடல் குளிர்ந்து கிடக்கின்றது. கள்ளும் சாராயமும் உறக்க மாத்திரையும் உடன் சேருமாயின் இத்தீங்கு பன்மடங்காகும்.

மற்றொரு செய்தி உண்டு. இதனைப் பெற்றோர் ஒவ்வொருவரும் உள்ளத்திற் பொறித்துக்கொள்ளல் வேண்டும். இம்மருந்தை நாடோறும் கொள்பவன் உடம்பு அதற்குப் பழகிவிடுகின்றது. சிறையிலோ, மருத்துவமனையிலோ, மறுவாழ்வு நிலையத்திலோ சில வாரம் அதனை விட்டிருந்தால் அப்பழக்கம் உடம்பினின்றும் நீங்குகின்றது. வெளியே வந்தவன் மனந்தளர்ந்து, முன்கொண்ட அளவையே ஒருமுறை கொள்வானாயின் அஃதே அவனுக்கு நஞ்சாகி முடிகின்றது. ஆதலின் பேரிடர் மிக்க காலம், பழக்கத்தில் மூழ்கிக் கிடந்த காலத்தினும், திருந்தி வீடு வந்த முதற்சில வாரங்களே ஆகும். பிள்ளை திருந்தினான் என்று வீட்டார் கண்ணயரும் அந்நாட்களே அவனைத் தனிமையில் விடலாகாத நாட்கள்.

இதனை ஏட்டறிவாக மட்டும் யான் கூறவில்லை. என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் வெளியூரில் வேலைக்குச் சென்றிருந்தான். வண்டி விபத்தில் முதுகு நொந்து, வலிக்கு உட்கொண்ட மாத்திரை நாளடைவிற் பழக்கமாயிற்று. பெற்றோர் அறிந்து அழைத்துவந்து, மறுவாழ்வு நிலையம் ஒன்றில் மூன்று திங்கள் வைத்திருந்தனர். முகந்தெளிந்து வீடு திரும்பினான். பத்தாம் நாள் விடியலில் அவன் எழவில்லை. "மாரடைப்பு" என்று ஊரார்க்குச் சொல்லப்பட்டது. நம் பத்திரிகையின் துயரச் செய்திப் பகுதியிலும் அங்ஙனமே அச்சாயிற்று. ஓராண்டு சென்றபின் அவன் தந்தையார் என்னைக் கண்டு கூறிய சொல்லை, அவர் இசைவு பெற்றே, பெயர் குறியாது இங்கு உரைக்கின்றேன். "வாத்தியாரையா! அவனோடு பழகிய பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்களைப் பெற்றவர்கள் விழித்துக்கொண்டிருப்பார்கள். என் மானத்தைக் காத்துக்கொண்டேன், அவர்கள் பிள்ளைகளைக் காக்கவில்லை," என்றார். அதன்பின் அவரே அவ்வீடுகளுக்குத் தனித்தனியே சென்று உண்மையைக் கூறி வந்தார். மகனுக்கு அவர் ஆற்றிய நீத்தார் கடனுள் இதனினும் சிறந்தது வேறொன்று உண்டென்று யான் கருதவில்லை.

அவையோரே! அத்தந்தையார் கூறியதே அடியேன் சொற்பொழிவின் சாரமும் ஆகும். மறைக்கப்பட்ட சாவு ஒருவர்க்கும் ஒன்றும் கற்பிப்பதில்லை. வெளிப்படக் கூறி அழுத சாவு பிறர் உயிரைக் காக்கின்றது. இதற்குச் சான்று வேண்டுவார்க்கு ஒரு மருந்தின் வரலாற்றை எடுத்துரைப்பேன்.

அபின் இனத்து மருந்தின் வேகத்தை முறிக்கும் மாற்று மருந்து ஒன்று உண்டு. அதற்கு நாலாக்சோன் என்று பெயர். 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மோசஸ் லெவென்ஸ்டைன், ஜாக் ஃபிஷ்மன் என்னும் இருவர் அதற்குக் காப்புரிமை வேண்டினர். 1971-இல் அந்நாட்டு அரசினர் அதனை ஏற்றனர். மூளையில் கொடுமருந்து பற்றியுள்ள இடத்தினின்றும் அதனைத் தள்ளிவிட்டுத் தான் அமர்வது இதன் இயல்பு. இரண்டு மூன்று நிமிடத்தில் நின்ற மூச்சு மீள்கின்றது. மயக்கமருந்து உட்கொள்ளாதவனுக்குத் தவறிக் கொடுப்பினும் தீங்கு செய்வதில்லை. ஆனால் இதன் ஆற்றல் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரமே நிற்கும். ஆதலின் மூச்சு மீண்டபின்னும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் இன்றியமையாதது.

இத்துணை அரிய மருந்து நெடுங்காலம் மருத்துவமனைக்குள்ளேயே கிடந்தது. சாவோ வீட்டறையிலும், வாடகை விடுதியிலும், தெருவோரத்திலும் நிகழ்ந்துகொண்டிருந்தது. 2003-ஆம் ஆண்டில் ஃபிஷ்மனாருடைய மனைவியின் மகனே ஹெராயின் மிகையால் மாண்டான் என்றால், மருந்து கண்டவர் இல்லத்தையும் இச்சாவு விட்டுவைக்கவில்லை என்பது போதரும். மருந்து உலகில் இருந்தாற் போதாது. இடர்ப்பட்டவன் அருகில் இருப்பவர் கையில் இருத்தல் வேண்டும்.

அதனை அவர்கள் கைக்குக் கொண்டுவந்தவர் யார்? துயருற்ற நண்பரே ஆவர். சிகாகோ நகரில் மயக்கமருந்துப் பழக்கத்தினர்க்கு உதவிவந்த கழகம் ஒன்று உண்டு. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர் 1996-இல் ஹெராயின் மிகையால் இறந்தார். எஞ்சிய தோழர் அதனை மூடி மறைத்தாரல்லர். டான் பிக் என்பவர் முன்னின்று, அவ்வாண்டு முதலே நாலாக்சோனைப் பழக்கத்தினர் கையிலும் அவர்தம் நண்பர் கையிலும் கொடுத்து, பயன்படுத்தும் முறையையும் கற்பிக்கத் தொடங்கினார். பிற ஊரினரும் அவ்வழியைப் பின்பற்றினர். 1996 முதல் 2014-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் இவ்வாறு மருந்து பெற்ற பொதுமக்கள் 1,52,283 பேர். அவர்கள் மீட்டதாகத் தெரிவித்த நிகழ்ச்சிகள் 26,463. மருத்துவம் பயிலாத எளிய மக்கள் செய்த பணி இது. ஒரு தோழனை மறவாமையால் விளைந்த பயன் இத்துணையாயின், நினைத்தலை வெறும் கண்ணீர் என்று கூறுவது எங்ஙனம்?

உலகச் சுகாதார நிறுவனத்தார் 2014-ஆம் ஆண்டில், இவ்விடரை நேரிற் காணக்கூடிய உற்றார் நண்பர்க்கும் இம்மருந்து கிடைத்தல் வேண்டும் என்று அறிவுறுத்தினர். ஆஸ்திரேலிய அரசினர் 2022 ஜூலை முதல் மருத்துவர் சீட்டின்றி விலையில்லாமல் இதனை வழங்கிவருகின்றனர். அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மூக்கிற் பீச்சும் வகையிலான இம்மருந்தைக் கடைகளிற் சீட்டின்றி விற்கலாம் என்று இசைவு தரப்பட்டது. உடனிருந்தவர் போலீசுக்கு அஞ்சி ஓடிவிடுதலாலும் பல உயிர் போகின்றமை கண்டு, உதவிக்கு ஆளழைத்தவர் மீது வழக்கில்லை என்னும் சட்டத்தை 2007-இல் நியூ மெக்சிகோ மாகாணத்தார் முதன்முதல் இயற்றினர். பிற மாகாணத்தாரும் தொடர்ந்தனர்.

நிற்க. ஓர் ஐயம் இங்கு எழும். "தீய பழக்கத்தால் மாண்டவனை ஊரறியப் போற்றுவது, அப்பழக்கத்தையே போற்றுவதாகாதோ? இளைஞர்க்கு அது தீய வழி காட்டாதோ?" என்பது அது. நேர்மையான ஐயமே. திருவள்ளுவனார் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் கடுமையைக் கற்றோர் அறிவர். ஆனால் அஃது உயிரோடிருப்பவர்க்குக் கூறிய அறிவுரை. இறந்தவன் தாயைத் தலைகுனியச் செய்தற்குக் கூறியதன்று. அருளுடைமை என்னும் அதிகாரத்தை வகுத்தவரும் அவரே. நினைத்தல் வேறு, புகழ்தல் வேறு. அம்மை நோய்க்கு ஒரு குழந்தையை இழந்தவள் அழுதால் அம்மையைப் போற்றினாள் என்று ஒருவரும் கூறார். இளைஞர்க்கு வழி காட்டுவது மறைப்பே. எவரும் இதனால் மாளவில்லை என்று பொய் கூறிவரின், எவரும் மாளார் என்று அவர் நம்பிவிடுவர்.

மேலும் குற்றம் எல்லாம் மாண்டவன்மேலதே என்று எண்ணுதலும் பொருந்தாது. 1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பர்டூ என்னும் மருந்து நிறுவனத்தார் ஆக்சிகான்டின் என்னும் வலி மாத்திரையை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன் பழக்கந்தரும் இயல்பைக் குறைத்துக் காட்டி விற்றமைக்காக அந்நிறுவனத்தின் கிளை 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020-இல் பர்டூ நிறுவனமே மீண்டும் குற்றங்களை ஒப்புக்கொண்டது. மருத்துவர் எழுதிய சீட்டைக்கொண்டு மருந்து வாங்கிய எளிய மக்கள் பழக்கத்திற்கு அடிமையாகி மாண்டனர். அவர் பெயர் எச்சுவரிலும் இல்லை. அந்நிறுவனத்திற்கு உரிய சாக்லர் குடும்பத்தின் பெயரோ அருங்காட்சியகச் சுவர்களில் பொறிக்கப்பட்டு விளங்கிற்று. நான் கோல்டின் என்னும் புகைப்படக் கலைஞர், தாமும் அம்மாத்திரைக்கு அடிமையாகி மீண்டவர், 2018 முதல் அவ்வருங்காட்சியகங்களின் உள்ளேயே சென்று, இறந்தாரை நினைவூட்டிக் கிளர்ச்சி செய்தார். பாரிசு நகரத்து லூவர் 2019-இலும், நியூயார்க்கு நகரத்து மெட்ரோபாலிடன் 2021-இலும் அப்பெயரைச் சுவரினின்றும் நீக்கின.

மாண்டோரை எண்ணாக மட்டும் கூறினால் உள்ளம் உருகுவதில்லை என்பதையும் அந்நாட்டினர் உணர்ந்தனர். 2017-ஆம் ஆண்டில் சிகாகோவில் ஒரு நினைவுச் சுவர் அமைக்கப்பட்டது. அதில் பதித்திருந்தவை 22,000 வெள்ளை மாத்திரைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மனித முகம் செதுக்கப்பட்டிருந்தது. மருத்துவர் சீட்டில் எழுதித்தரும் இவ்வின மருந்துகளால் ஓராண்டில் மாண்டோர் தொகை அது. காண வந்தவர் முன்னிலையிலேயே இயந்திரம் ஒன்று இருபத்துநான்கு நிமிடத்திற்கு ஒருமுறை புதிய முகம் ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தது. தொலைவில் நின்றார்க்கு வெண்சுவர். அருகிற் சென்றார்க்கு ஒவ்வொன்றும் ஒரு வீட்டுப் பிள்ளை.

அமெரிக்காவில் மயக்கமருந்து மிகையால் மாண்டோர் 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,05,000 பேர். 2024-இல் அத்தொகை ஏறத்தாழ 80,000 ஆகக் குறைந்தது. இக்குறைவிற்குக் காரணம் பல கூறுவர். மாற்று மருந்து மக்கள் கையில் பரவியமை அவற்றுள் ஒன்று. எண்பதினாயிரம் என்பதும் சிறு தொகையன்று. எனினும் இச்சாவு தடுக்கவொண்ணாத விதியன்று என்பது இதனாற் பெறப்படும். உலகம் முழுவதும் 2019-ஆம் ஆண்டில் அபின் இனத்து மருந்தின் மிகையால் மாண்டோர் ஏறத்தாழ 1,25,000 பேர் என்று உலகச் சுகாதார நிறுவனத்தார் கணித்துள்ளனர்.

"இவையெல்லாம் கடல் கடந்த நாட்டுச் செய்திகள்" என்று கூறித் தப்புதற்கு வழியில்லை. 2019-ஆம் ஆண்டில் இந்திய அரசினர் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் அபின் இனத்துப் பொருள்களைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2 கோடியே 26 லட்சம் பேர். நம் தமிழ்நாட்டிலேயே வலி போக்கும் மாத்திரையைக் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்ளும் கேடு இளைஞரிடையே புகுந்திருத்தலைப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கின்றோம். மாத்திரை என்றால் மருந்துதானே என்று ஏமாறுதல் எளிது. பெட்டியில் அச்சிட்ட மாத்திரையும் மூச்சை நிறுத்த வல்லது.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பம் செய்துகொள்கின்றேன்.

முதலாவது, செய்தற்குரிய உதவியை வீடுதோறும் அறிவித்தல். எழுப்பியும் எழாதவனை உறங்குகின்றான் என்று விடலாகாது. உடனே 108 எண்ணை அழைத்தல் வேண்டும். மூச்சு இருப்பின் ஒருக்களித்துப் படுக்க வைத்தல் வேண்டும். வாந்தி தொண்டையை அடைக்காதிருத்தற்கு அது வழி. மூச்சு நின்றிருப்பின், அறிந்தவர் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டலாம். தண்ணீர் தெளித்தும், மோர் புகட்டியும், நடக்கச் செய்தும் காலம் போக்கலாகாது. என்ன உட்கொண்டான் என்பதை மருத்துவரிடம் மறையாது கூறல் வேண்டும். நம் நாட்டில் நாலாக்சோன் பெரும்பாலும் மருத்துவமனையில் ஊசி மருந்தாகவே உள்ளது. மானம் கருதி, "ஏதோ மயக்கம்" என்று கூறின், உரிய மருந்து அருகிலிருந்தும் உயிர் போம்.

இரண்டாவது, பழக்கத்தில் வீழ்ந்தவர்க்குக் கதவைத் திறந்து வைத்தல். பழக்கத்தினின்றும் மீள விரும்புவார்க்கென அரசினர் 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணை அமைத்துள்ளனர். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் 64-ஏ பிரிவு, அடிமைப்பட்டவர் தாமே முன்வந்து, அரசு ஏற்ற மருத்துவமனையில் முறைப்படி சிகிச்சையை முடிப்பாராயின், உட்கொண்ட குற்றத்திற்கும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்திற்கும் வழக்கினின்றும் விடுதலை தருகின்றது. சட்டமே மன்னிக்கும் இடத்துச் சாதிக் கட்டும் ஊர்ப்பேச்சும் மன்னியாதிருத்தல் முறையாகுமோ? அத்தகைய பிள்ளை உள்ள வீட்டில் பெண் கொள்ளலாகாது, பெண் கொடுக்கலாகாது என்று பேசுகின்றோம். அப்பேச்சிற்கு அஞ்சியே பெற்றோர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். அச்சத்தை உண்டாக்குபவர் நாமே ஆதலின், அதனைப் போக்க வல்லாரும் நாமே.

மூன்றாவது, நம் பத்திரிகையின் துயரச் செய்திப் பகுதியைப் பற்றியது. மாண்டவர் குடும்பத்தார் விரும்பினாலன்றி, சாவின் காரணத்தை ஒருவரும் வெளியிடல் ஆகாது. அது வீட்டாரின் உரிமை. ஆனால் அவர் விரும்பி உண்மையைக் கூற முன்வரின், அதனை மதிப்புடன் அச்சிடுவோம் என்று நம் சங்கம் தீர்மானித்து அறிவித்தல் வேண்டும். பிள்ளையின் பெயர், அவன் படித்த படிப்பு, பாடிய பாட்டு, ஆடிய ஆட்டம், பிறர்க்குச் செய்த உதவி ஆகியவற்றோடு, அவன் மாண்ட வகையும் ஒரு வரியாக அமையட்டும். அவ்வொரு வரி அவன் வாழ்வு முழுமையையும் விழுங்கலாகாது, மறைந்தும் போகலாகாது. மேலும் ஆண்டுதோறும் ஆகஸ்டு 31-ஆம் நாள் மாலை, நம் சங்கக் கட்டடத்தில் ஒரு விளக்கேற்றி, வந்தவர் விரும்பினால் பெயர் சொல்லி அழவும், விரும்பாவிட்டால் வாளா இருக்கவும் இடம் தருவோமாக. செலவு ஓர் அகல் எண்ணெய் அளவே.

1937-ஆம் ஆண்டில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தபோது, குடியை விட்டவன் வீட்டில் அடுப்பெரிந்ததைக் கண்டு மகிழ்ந்த பெரியோரின் வழிவந்தோர் நாம். குடியின் கேட்டைக் கூசாது பேசியதனாலேதான் அவர் அதனை எதிர்க்க முடிந்தது. இப்புதிய கேட்டையும் கூசாது பேசுவோம்.

இக்கூட்டத்தில் இன்று வாய்திறவாது அமர்ந்து, தம் வீட்டில் நிகழ்ந்ததை நினைந்து கண்கலங்கும் தாய் தந்தையர் இருத்தல் கூடும். அவர்கட்கு ஒன்று கூறி அமைகின்றேன். உங்கள் பிள்ளை எங்கள் பிள்ளையும் ஆவான். அவன் பெயரை எங்கள் முன்னிலையிற் கூறுதற்கு நீங்கள் நாணவேண்டா. கேட்டற்கு நாங்கள் நாணமாட்டோம்.